இரண்டே முக்கால் முழம்

மூங்கிலைத் தண்ணீரில் குத்துகிறார், உருவுகிறார், தண்ணீரைப் பார்க்காமலே சொல்கிறார்: "நாலு… நாலு… நாலே காலு… மூணரை…" சொல்கிறார் என்பதைவிடப் பாடுகிறார் என்றால் பொருந்தும். நாலை நீட்டுவார். மூன்றை வெட்டி நிறுத்துவார். இரண்டரைக்கு வந்துவிட்டால், வால் மிதிபட்ட பூனைபோல் அந்தக் குரல் உச்சிக்கு ஏறும். பின்னால் சுக்கான் பிடித்திருப்பவருக்கு எந்திரச் சத்தத்தில் சொல் விழாவிட்டாலும் ராகம் விழுந்துவிடும்.

ஊ பா த்வினுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாண்டலே துறையிலிருந்து தினம் காலை ஒன்பது மணிக்கு மிங்குன் இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்பும் பயணிகள் படகில், முகப்பில் நின்று ஆழம் பார்ப்பது அவர் வேலை. முழத்துக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய மூங்கில். அதில் ஈரம் ஏறிய இடத்தை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளங்கை வழியாக உருவும்போதே தெரிந்துகொள்கிறார். மழைக்காலத்தில் ஐராவதிக்கு இதெல்லாம் தேவையில்லை. தண்ணீர் வற்றிய மாதங்களில்தான் அவரில்லாமல் படகு நகராது. "இந்த ஆறு ராத்திரி படுத்த எடத்துல காலைல எந்திரிக்காது" என்பார். நேற்று படகு போன இடத்தில் இன்று கொக்கு நின்றுகொண்டிருக்கும்.

வாயில் எப்போதும் வெற்றிலை. ஆனால் நாலு முழத்துக்குக் குறைந்த தண்ணீரில் துப்பமாட்டார். கன்னம் உப்பியிருக்க, ஆழம் வரும்வரை பொறுத்திருப்பார். ஏன் என்று கேட்ட வெள்ளைக்காரர் ஒருவருக்கு வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்துச் சொன்ன பதில்: "ஆழமில்லாத தண்ணியில துப்புனா அது நம்ம வூட்டு வாசல்லயே துப்புன மாதிரி." வெள்ளைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். மூங்கிலோடு அவரைப் படமெடுக்காத பயணி கிடையாது. எத்தனை நாட்டுச் சுவரில் தன் முதுகு தொங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. முதுகுதான், திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமிருப்பதில்லை.

கரையிலும் அந்தக் கை சும்மா இருக்காது. அடுப்பிலிருக்கும் சட்டியில் கரண்டிக் காம்பை விட்டெடுத்து, "கால் முழம்கூட இல்லியே" என்பார். அவர் மனைவி டோ ஓன் ச்சி நிமிராமலே சொல்வாள்: "அப்படியே உப்பு எத்தனை முழம்னும் பாத்துச் சொல்லிருங்க."

மிங்குனில் படகு இரண்டரை மணி நேரம் நிற்கும். பயணிகள் கரையேறி, முதுகில் 'டாக்ஸி' என்று எழுதிக்கொண்டு நிற்கும் மாட்டுவண்டிகளில் ஏறிப் போவார்கள். படகுக்காரர்கள் நிழலில் படுத்துவிடுவார்கள். ஊ பா த்வின் மட்டும் அந்தப் பெருங்கோயிலுக்கு நடப்பார். அரசன் ஒருவன் தொடங்கிவைத்து முடிக்காமல் போன செங்கல் மலை அது. நிலநடுக்கத்தில் உச்சி முதல் அடிவரை பிளந்து நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று வந்து, குறிப்பிட்ட ஒரு வெடிப்பின் முன் நின்று, கையை உள்ளே விட்டு, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து பார்ப்பார். "ரெண்டு மொழம், மூணு விரல். என் கல்யாண வருசத்துல இருந்து இதே கணக்கு." அவர் அளக்கும் பொருள்களில் மறுநாளும் அதே அளவாக இருப்பது அது ஒன்றுதான். அதன் முன் ஒரு நிமிடம் கைகூப்பி நிற்பார். புத்தரை வணங்குகிறாரா வெடிப்பை வணங்குகிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

சுக்கான் பிடிப்பது கோ ஸோ லாட், டோ ஓன் ச்சியின் தம்பி. பக்கத்து வீடு. இருவரும் பதினெட்டு வருடம் ஒரே படகில் ஒரே பொட்டலத்துச் சோற்றைத் தின்றவர்கள். விளக்குத் திருநாள் முடிந்த வாரத்தில் படகு மணல்திட்டில் ஏறி இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டது. படகின் சொந்தக்காரி டோ வின் மே துறையில் நின்றபடி, "எவன் கணக்கு தப்புச்சு?" என்று கத்தினாள். ஊ பா த்வின் இரண்டரை என்றுதான் கூவியிருந்தார். ஸோ லாட்டுக்கு அது கேட்டும் இருந்தது; ஒதுங்கிப் போகச் சோம்பல்பட்டு, தாண்டிவிடலாம் என்று விட்டிருந்தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது: "அத்தான் மூணுன்னாரு."

ஊ பா த்வின் மறுத்துப் பேசவில்லை. பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது குடும்பச் சண்டை போடுவது அவர் வழக்கமில்லை. மச்சான் பிறகு தனியாக முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று ஒரு வாரம் பார்த்தார். அவன் சொல்லவில்லை. தேநீர்க்கடையில் அவர் உட்கார்ந்தால் யாராவது ஒருவன், "அண்ணே, டீ அரைக் கிளாசா முக்கா கிளாசா? பாத்து அளந்து குடிங்க" என்று கிண்டல் பண்ணினான். எட்டாவது நாளிலிருந்து மச்சானோடு பேச்சை நிறுத்தினார்.

நிறுத்தினார் என்றால், எண்களைத் தவிர மற்றதை நிறுத்தினார். வேலைக்கு எண் வேண்டுமே. படகில் அவர் வாயிலிருந்து மூன்று, மூன்றரை, நாலு என்பதைத் தவிர வேறு சொல் பின்பக்கம் போகவில்லை. கரைக்கு வந்தால் எல்லாம் டோ ஓன் ச்சி வழியாக. "நாளைக்கு எட்டரைக்கே வரணும்னு ஒந்தம்பிகிட்ட சொல்லு." தம்பி பத்தடி தள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். "நீங்க கத்துனது ஆத்துக்கு அந்தப் பக்கமே கேட்டிருக்கும். நான் வேற தனியா சொல்லணுமா?" என்பாள் அவள். நாலு மாதம் இப்படிப் போனது. ஸோ லாட் சில நாள் வேலியருகில் வந்து நிற்பான். வேலிக்குச்சியைச் சரிசெய்வதுபோல் அசைத்துவிட்டுத் திரும்பிப் போவான்.

கோடை தொடங்கும் தபவுங் மாதம், தண்ணீர் மிகக் கீழே இறங்கியிருந்த ஒரு நாள். படகில் பதினாறு பேர். அவர்களில் மெய்க்திலாவிலிருந்து வந்த ஒரு தகப்பனும் மகளும். ஊ சான் டின் என்ற அந்தப் பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஊருக்கு ரயில் விட்டும் மிங்குன் பார்த்ததில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். முகப்பில் வந்து மூங்கிலைத் தொட்டுப் பார்த்து, "எங்களுக்குத் தண்டவாளம் போட்டுக் குடுத்துட்டாங்க. ஒங்களுக்கு அதுவும் இல்லியே" என்று சிரித்தார். ஊ பா த்வினுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அப்போது மூன்றரை ஓடிக்கொண்டிருந்ததால் பதிலாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

பதினொன்றரை மணிக்கு அதே மனிதரை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுடுகிற செங்கல்லில் வெறுங்காலோடு பெருங்கோயிலைச் சுற்றி வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். முகம் சாம்பலாக இருந்தது; சட்டை பிழிகிற அளவு வியர்வை. கிராமத்து நர்ஸ் நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்துவிட்டு, "ரோட்டுல சுத்திப் போனா ரொம்ப நேரமாகும். படகுதான் சட்டுனு போகும். துறையில வண்டி நிக்கச் சொல்லிப் போன் பண்றேன். நிக்காம கெளம்புங்க" என்றாள். மற்ற பயணிகளும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். மகள் மா ஸந்தா அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரச்சாந்து கண்ணீரில் கரைய, தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

கால்வாசி வழியில் ஆறு ஒரு மணல்தீவால் இரண்டாகப் பிரியும். படகுகள் போவது வலப்பக்கத்துப் பெரிய கிளையில். தீவை முழுவதும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இடப்பக்கம் சின்ன வாய்க்கால். அதில் போனால் இருபது நிமிடம் மிச்சம். ஆனால் பத்து நாளாக அதில் மீன் பிடிக்கிற தோணிகள் மட்டுமே போய்க்கொண்டிருந்தன.

பிரிவுக்கு வந்ததும் எந்திரத்தின் சத்தம் தணிந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"அத்தான்!"

நாலு மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஊ பா த்வின் திரும்பவில்லை. இடப்பக்கமாக எட்டிக் குத்தினார். "ரெண்டே முக்கா."

"சின்ன வாய்க்கால்ல போலாமா?"

"ரெண்டே முக்கா."

"அளவு கேக்கல அத்தான்! போலாமா வேணாமா, அதைச் சொல்லுங்க!" ஸோ லாட் சுக்கான் கூண்டிலிருந்து தலையை நீட்டிக் கத்தினான்.

படகு உரசாமல் போக மூன்று முழம் வேண்டும். உள்ளே போகப் போக இன்னும் குறையும் என்பது அவருக்குத் தெரியும். இடையில் சிக்கினால் பெரியவருக்கு வைத்தியம் கிடைக்கச் சாயங்காலமாகிவிடும். ஊ பா த்வின் திரும்பிப் பாயில் கிடந்தவரைப் பார்த்தார். அவர் வாய் திறந்திருந்தது. விரல்கள் மகளின் நீளப் பாவாடையைப் பற்றியிருந்தன. பிறகு, நாலு மாதமாகப் பார்க்காத அந்த இடத்தை, சுக்கான் கூண்டை, நேராகப் பார்த்தார்.

"போ. நான் முன்னால எறங்குறேன்."

சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டி, மூங்கிலோடு தண்ணீரில் இறங்கினார். நெஞ்சளவு. படகுக்குப் பத்தடி முன்னால், இடமும் வலமும் குத்திக்கொண்டே நடந்தார். எந்திரம் முனகிக்கொண்டு அவர் பின்னால் வந்தது. கொஞ்சம் வேகம் கூடினாலும் படகின் மூக்கு அவர் முதுகில் ஏறிவிடும். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெண்டே முக்கா… வலது வாங்கு… ரெண்டரை… இன்னும் வலது… அங்கயே, அங்கயே… நேரா வா." நாலு மாதமாக எண் மட்டும் பேசிய வாய், மடை திறந்ததுபோல் பேசிக்கொண்டே போனது. "பயப்படாத. மெதுவா வா. நான் இருக்கேன்ல."

பாதி வாய்க்காலில் இடுப்புக்குக் கீழே போய்விட்டது தண்ணீர். "ரெண்டு! நிறுத்து!" படகு மணலில் முனகி நின்றது. ஊ பா த்வின் கையை உயர்த்தினார். "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் எறங்குங்க! பாரம் கொறையணும்!" மொழி புரியாத வெள்ளைக்காரர்களும் அந்தக் கையசைவில் புரிந்துகொண்டு, கால்சட்டையோடு குதித்தார்கள். பதினான்கு பேர் இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தள்ள, படகு ஓர் அங்குலம், ஒரு சாண், ஒரு முழம் என்று நகர்ந்தது. பின்னால் மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் சுக்கான் இடித்துச் சடாரென்று ஒரு சத்தம். யாரும் நிற்கவில்லை. அடுத்த குத்தில் மூங்கில் ஆழத்துக்குப் போனது.

"மூணு!" என்று அவர் கூவியபோது படகிலிருந்த மா ஸந்தா வாய்விட்டு அழுதாள்.

எல்லாரும் ஏறிக்கொள்ள, படகு துறையை அடைந்தபோது வண்டி காத்திருந்தது. நடைபலகை போட்டார்கள். இறங்குகிற பயணிகள் பிடித்துக்கொள்ள, படகிலிருந்து ஓர் ஆளும் கரையிலிருந்து ஓர் ஆளுமாக மூங்கிலைக் குறுக்கே நீட்டிப் பிடிப்பது அங்கே வழக்கம். ஊ பா த்வின் கரை முனையைப் பிடித்தார். பெரியவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சொல்லமுடியாது என்று வைத்தியர் சொன்னதாக நாலாம் நாள் மகள் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசிப் பயணி போனதும் டோ வின் மே வந்தாள். பிளந்து தொங்கிய சுக்கானைப் பார்த்தாள்.

"சின்ன வாய்க்கால்ல விடச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றார் ஊ பா த்வின்.

"மறுபடியும் ஒங்க கணக்கு தப்பிருச்சா?"

"கணக்கு தப்பல முதலாளியம்மா. ரெண்டே முக்கா. பத்தாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் போகச் சொன்னேன்."

படகின் விளிம்பில் நின்றிருந்த ஸோ லாட் சொன்னான்: "அத்தான் கணக்கு அன்னிக்கும் தப்பல."

துறையில் மூட்டை சுமப்பவர்கள், தேநீர்க்கடைக்காரர்கள் என்று பத்துப் பேர் நின்றார்கள். அவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "திட்டுல ஏறுன அன்னிக்கு அவரு ரெண்டரைன்னுதான் சொன்னாரு. என் காதுல நல்லாவே விழுந்துச்சு. நான்தான் கேக்காம விட்டேன். நான்தான் பொய் சொன்னேன்."

டோ வின் மே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காதிலிருந்த பச்சைக்கல் ஆடியது. "நாளைக்குப் படகு ஓடாது. ரெண்டு பேரும் சேந்து சுக்கானைச் சரி பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள். கூட்டமும் கலைந்தது.

ஸோ லாட் எந்திரத்தை மூடிவிட்டுக் கடைசி ஆளாகப் பலகைக்கு வந்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் பலகையில் நடக்கக்கூடியவன் அவன். ஊ பா த்வின் ஈரம் சொட்டச் சொட்டக் கரையோரம் நின்று, மூங்கிலின் ஒரு முனையைப் படகின் விளிம்பில் சாய்த்து, மறுமுனையைத் தன் தோளில் ஏந்தி, அவன் பிடித்துக்கொண்டு இறங்குவதற்குத் தோதாக உயர்த்திப் பிடித்தார்.