நோயாளி வேஷத்தில் ஒரு சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் ஒரு ஹோட்டலின் கான்ஃபரன்ஸ் ஹாலில் நான் நோயாளியாக உட்கார்ந்திருந்தேன். நடிப்புக்குத்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை — அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் கிருபா. யாழ்ப்பாணத்துக்காரர். மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் நர்ஸ் ப்ராக்டிஷனராக இருக்கிறார்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அமெரிக்காவில் காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் என்று கிளினிக்குக்குப் போனால் பல நேரம் டாக்டரைப் பார்ப்பதில்லை. நர்ஸ் ப்ராக்டிஷனர் வருவார், அல்லது பிஸிஷியன் அசிஸ்டன்ட் வருவார். சோதிப்பதும் மருந்து எழுதுவதும் அவர்கள்தான். டாக்டர்கள் மாதிரியே இவர்களும் வேலையில் இருக்கும்வரை வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தலை நரைத்தவர்களும் வருவார்கள். போகாவிட்டால் வேலையில் தொடர முடியாது.

அப்படி ஒரு வகுப்பை நடத்தும் குழுவில் கிருபாவும் ஒருவர்.

"அண்ணா, ஒரு சனிக்கிழமை எங்களுக்கு நோயாளியா வந்து இருக்க ஏலுமோ? உண்மையா வருத்தம் ஒண்டும் வேண்டாம். நாங்கள் சொல்லித் தாறதைச் சொன்னாக் காணும்."

அவர்கள் தமிழில் காணும் என்றால் போதும்; வருத்தம் என்றால் நோய். இது தெரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. 'உங்களுக்கு என்ன வருத்தம்?' என்று முதல்முறை அவர் கேட்டபோது, 'ஒரு வருத்தமும் இல்லைங்க, சந்தோஷமாத்தான் இருக்கேன்' என்று சொன்ன ஆள் நான்.

எனக்குக் கொடுத்த பாத்திரத்துக்கு (கேஸ் என்பார்கள்) இரண்டு அர்த்தமும் பொருந்தியது. பெயர் ராஜ். வேலை போய்விட்டது. தூக்கம் இல்லை, பசி இல்லை. ஆனால் கேட்டால் 'கொஞ்சம் டயர்டா இருக்கு, அவ்வளவுதான்' என்று மட்டும் சொல்ல வேண்டும். பேசிப் பேசி, இது மனச்சோர்வு என்று கண்டுபிடிப்பது வந்தவரின் வேலை. ஓரத்தில் உட்கார்ந்து சிலர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மதிப்பிடுவார்கள்.

உடம்பைச் சோதிக்கத் தேவையில்லை. பிரஷர், நாடி, காய்ச்சல் எல்லாம் ஒரு அட்டையில் அச்சடித்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். எல்லாமே நார்மல். வேஷத்தைக் கலைக்கக் கூடாது என்பதுதான் எனக்கு ஒரே கட்டளை.

முதலில் வந்தவர் பாதி நேரம் லேப்டாப்பைப் பார்த்தே பேசினார். அதைத் திருத்தத்தானே இந்த வகுப்பே.

அடுத்து வந்தவர் மார்த்தா. ஐம்பதைத் தாண்டியவர். தெற்கு நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊரில் பிஸிஷியன் அசிஸ்டன்ட். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வேலை எப்படிப் போகுது ராஜ்?" என்று கேட்டார்.

நான் ஒத்திகை பார்த்திருந்தபடி கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். "வேலையா... இப்ப இல்ல."

அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்குத்தான். நம் நடிப்பு இவ்வளவு எடுபடுகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம்.

ஆனால் அவர் கையை விடவில்லை. அவர் விரல்கள் கொஞ்சம் நகர்ந்து, நாடியின் மேல் நின்றன. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த அட்டையைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"இது கேஸ்ல இருக்கா?" என்றார், மெதுவாக.

எது? எனக்குப் புரியவில்லை. வேஷத்தைக் கலைக்கக் கூடாதே... "எனக்கு ஒண்ணும் இல்லை. கொஞ்சம் டயர்ட், அவ்வளவுதான்" என்றேன்.

"ராஜைக் கேக்கலை. உங்களைக் கேக்கறேன். உங்க சொந்தப் பேர் என்ன?"

நான் பெயரைச் சொன்னேன். "படியேறினா மூச்சு வாங்குதா?" என்றார். சில வாரங்களாக வாங்குகிறது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன் என்றேன். மார்த்தா நிமிர்ந்து, மதிப்பிடுபவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இதை நிறுத்திக்கலாம். நான் தப்பாக் கூட இருக்கலாம். ஆனா இவருக்கு நாடி சீரா இல்லை."

அதைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்திருந்தது.

கிருபா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். எனக்குத் தெரிந்த கிருபா எப்போதும் சிரித்த முகம். அன்று சிரிக்கவில்லை.

"அண்ணா, காரை இங்கயே விடுங்கோ. நான் ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருக்காங்களே. முடிச்சுட்டுப் போலாமே..."

"ஒண்டும் முடிக்க வேண்டாம். எழும்புங்கோ."

போகும் வழியில் மனைவி சுமதிக்குப் போன் செய்தேன். "நீங்க நடிக்கத்தானே போனீங்க?" என்றாள். எந்த ஹாஸ்பிட்டல் என்று கேட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டாள்.

எமர்ஜென்சியில் ஈசிஜி எடுத்ததும் தெரிந்துவிட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேல் அறைகள் தாளம் தப்பித் துடிக்கின்றன. வலி இருக்காது. பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அப்படித் துடிக்கும்போது உள்ளே ரத்தம் உறையலாம். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். "நல்ல வேளை, இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர். நானாகவா வந்தேன்?

சுமதி கட்டில் பக்கத்தில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கலிஃபோர்னியா டப்ளினில் இருக்கும் மகள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, ஸோ யூ வென்ட் டு ஃபேக் இட், அண்ட் இட் வாஸ் ரியல்?" என்றாள். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள்.

இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். துடிப்பைக் கட்டுப்படுத்த இன்னொரு மாத்திரை. படியேறினால் முன்போல மூச்சு வாங்குவதில்லை.

மார்த்தாவுக்கு என்ன ஆயிற்று? அவர் கேஸை முடிக்கவில்லை. ராஜுக்கு மனச்சோர்வு என்று கண்டுபிடிக்கவே இல்லை. குழுவினர் பரவாயில்லை, முடித்ததாகவே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ திரும்பச் செய்ய வேணுமாம் அண்ணா" என்றார் கிருபா. "தன்ர கிளினிக்குக்கும் ராஜ் மாதிரி ஆக்கள் வருகினம், தனக்கு அவையோட கதைக்கத் தெரிய வேணும் எண்டு சொல்லுறா. நீங்கள் வருவியளோ?"

போன வாரம் போனேன். இந்த முறை உள்ளே விடுவதற்கு முன்பே என்னைப் படுக்கவைத்துச் சோதித்துவிட்டார்கள். புது வழக்கமாம். மார்த்தா பொறுமையாகக் கேட்டார். நான் மழுப்ப மழுப்ப, விடாமல், கோபப்படாமல் கேட்டார். கடைசியில் ராஜ் வாயைத் திறந்துவிட்டான்.

அப்புறம் காபி குடித்துக்கொண்டே அவரிடம் கேட்டேன். "அன்னைக்கு எப்படி அவ்வளவு உறுதியா நிறுத்தினீங்க?"

"உறுதியா? எனக்கு உறுதியே இல்லை" என்றார். "முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? அட்டையில நார்மல்னு போட்டிருக்கு, எல்லாரும் பாக்கறாங்க, என் விரல்தான் தப்பா எண்ணுதுன்னு நினைச்சேன். இத்தனை வருஷம் வேலை பார்த்தவ, நாடி பாக்கத் தெரியலைன்னு சிரிப்பாங்களேன்னு இருந்தது."

"அப்புறம்?"

"சிரிச்சா சிரிக்கட்டும்னு தோணிச்சு."

வீட்டுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு வரும்போது அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஆபீஸில் எத்தனை மீட்டிங்குகள்... ஸ்க்ரீனில் எல்லாம் சரி என்று பச்சையாகக் காட்டும். யாரோ ஒருவருக்கு மட்டும் எங்கோ இடிக்கும். அவர் சுற்றிலும் பார்ப்பார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அவரும் ஆட்டிவிடுவார். அனுபவம் கூடக்கூட நமக்குப் பதில்கள் அதிகம் தெரிகின்றன. கூடவே, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சமும் வளர்ந்துவிடுகிறது. புதிதாக வந்தவன் தப்புச் செய்தால் மன்னித்துவிடுவார்கள். அனுபவசாலியை?

அதனால்தான் இந்த வகுப்புகளைப் பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. புது மருந்து, புது சிகிச்சை எல்லாம் படிக்க வேண்டியதுதான். ஆனால் தலை நரைத்த பிறகும் மறுபடி மாணவராக உட்கார்ந்து பழகியவருக்குத்தான், 'நான் தப்பாக் கூட இருக்கலாம்' என்று நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வருகிறதோ என்னவோ.

மார்த்தாவின் கணிப்பு சரியாக இருந்தது. நன்றி சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அது தப்பாகப் போயிருந்தாலும் அதே நன்றியைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லியிருப்பேனா?