புளி தட்டிய பீட்டு அண்ணன்

போன வாரம் ரசிகர் குழுவில் சும்மா ஒரு புரளி கிளப்பினேன்: "நம் இசைத் தயாரிப்பாளர் பீட்டு அண்ணன், புளி தட்டும் சத்தத்தைப் பதிவு செய்ய எங்கள் ஜவ்வாது மலைக்கு வருகிறார்."

இன்று காலை, காவலூர் பஸ்ஸிலிருந்து மைக்கும் கையுமாக நிஜமாகவே இறங்கினார்.

"அண்ணா, நீங்க எப்படிங்க இங்க?"

"அந்த குரூப்ல நானும் வேற பேர்ல இருக்கேன்பா. நான் வர்றேன்னு நீ போட்டத பார்த்தேன். நல்ல ஐடியாவா தெரிஞ்சுது, வந்துட்டேன்."

வீட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அவர் யாரென்றே தெரியாது.

"இன்னா தம்பி, சும்மா மைக்க நீட்டிகினு நிக்கிற? இந்தா, நீயும் தட்டு!"

தாளம் தட்டிப் பேர் வாங்கிய மனிதர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டைப் புளியைத் தட்டி முடித்தார்.

அவர் புளி தட்டும் படத்தைக் குழுவில் போட்டேன். அட்மின் அக்கா பொங்கிவிட்டார். "டேய் புளுகுமூட்டை, அது உங்க மாமாடா! ஒழுங்கா ஆதாரம் குடு, இல்லனா தூக்கிடுவேன்."

அண்ணனே தன் போனில், அந்த வேறு பேரிலிருந்தே, "அது நான்தாம்மா" என்று எழுதினார்.

அக்கா எங்கள் இருவரையும் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

அதனால் நானும் அண்ணனும் புதுக் குழு தொடங்கியிருக்கிறோம். அட்மின், அம்மா. சேர விரும்புபவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். இன்னும் நான்கு மூட்டைப் புளி இருக்கிறது. தடியை மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.