உப்பக் குறைக்கணும் சார்

போன வாரம் அம்பத்தூரில் ஒரு கிளினிக். டாக்டர் வருவதற்குள் நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றி ஒரு பொத்தானை அமுக்கினாள். சின்னப் பெட்டி உறுமியது, கீங் என்றது, எண் காட்டியது. அவ்வளவுதான்.

"பாதரசம் ஏறி இறங்குமே, அந்தப் பெட்டி இல்லியாம்மா?"

"அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு மேடம்."

எனக்குச் சுரீரென்றது. உங்களுக்கு அது வெறும் கண்ணாடிக் குழாய். எனக்கு அது என் தோழி ஸ்டெல்லாவின் மெடிக்கல் காலேஜ் சீட்டு.

எண்பதுகளின் கடைசி. நானும் ஸ்டெல்லாவும் பிளஸ் டூ. பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் பள்ளிக்கூடத்துக்கு மின்சார ரயிலில் போவோம். அவளுக்கு டாக்டர் ஆகியே தீர வேண்டும். ஆகாவிட்டால் சேர்ப்பதற்கு டைப்ரைட்டிங் கிளாஸை அவள் அப்பா விசாரித்தே வைத்துவிட்டார். தவளையைக் கொடுத்தால் பாடிக்கொண்டே அறுப்பாள். பிசிக்ஸ் என்றால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவாள்.

"ஊசி போடறவளுக்கு இன்னாத்துக்குடி விசை, முடுக்கம்? பேஷண்ட்டு இன்னா உருண்டுகினா வரப்போறான்?"

எனக்குப் பிசிக்ஸ் கொஞ்சம் வரும். கர்வம் நிறையவே வரும். ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். எந்தப் பாடத்தையும் உடம்போடு முடிச்சுப் போட்டுவிடுவது. நெம்புகோல் என்றால் முழங்கை. லென்ஸ் என்றால் அவளுடைய சோடாபுட்டிக் கண்ணாடி. பிரஷர் என்றால் அவள் அம்மாவின் ரத்தக்கொதிப்பு. ஆவடி வருவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். எதிரே பூக்கூடையோடு உட்காரும் அம்மாளுக்கே நெம்புகோல் மனப்பாடம்.

பிராக்டிகல் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் வந்தார். ஒரு மார்க் போனாலும் சீட்டு போய்விடும். அவர் மூலையில் நின்ற பாதரச பாரமானியைக் காட்டி, "பிரஷர்னா என்னம்மா?" என்றார்.

ஓரலகு பரப்பின் மீது செயல்படும் விசை. ஒரே வரி. ஸ்டெல்லா கண்ணை மூடித் திறந்தாள்.

"மேல போனா உப்பக் குறைக்கணும் சார்."

அடுத்த மேஜையில் நான் பிடித்திருந்த எடைக்கல் என் காலிலேயே விழுந்தது. அவளை டைப்ரைட்டிங்குக்கு அனுப்பிய பாவி நான்தானே.

சார் பேனாவை மூடினார். சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஊறுகா?"

"தொடவே கூடாது சார்."

மனுஷர் முகம் வாடிய வாட்டம் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் வாத்தியார் ஆயிற்றே, விடுவாரா? "சரி, பிரஷர் பாக்குற பெட்டியில ஏன் பாதரசம்? தண்ணி ஊத்தினா என்ன?"

"தண்ணி பதிமூணு மடங்குக்கு மேல லேசு சார். எங்கம்மாவுக்குப் பாக்கணும்னா டியூபு என் தலைக்கு மேல போவும். டாக்டர் ஸ்டூல்ல ஏறித்தான் படிக்கணும்."

சார் வாய்விட்டுச் சிரித்தார். முழு மார்க். நான் அழுதே விட்டேன். கேட்டவர்களிடம் கால்வலி என்றேன்.

கிளினிக்கில் நர்ஸ் எழுந்து வழிவிட, டாக்டர் உள்ளே வந்தாள். அதே சோடாபுட்டி. எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, நூத்தி அறுவது? உப்பக் கொறை."

எனக்கு ஒரு நப்பாசை. "ஊறுகா, ஸ்டெல்லா?"

"தொடவே கூடாது."

பாதரசம் போயிற்று. ஆவடிக்குள் ஒரு பாடம் முடிந்த அந்த ரயில் பயணம் போயிற்று. அன்று சாயங்காலம் என் வீட்டு ஆவக்காய் ஜாடியும் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.