எஸ்தரின் வாக்கும் எங்கள் மூப்பரின் ஜெபமும்

எஸ்தர் இறந்துபோன செய்தி எங்களுக்கு மட்டக்களப்பு பஸ்ஸில் வந்தது. காலை பஸ் கல்முனையில் வந்து நின்றதும் கொண்டக்டர் இறங்கி, நான் பாலர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பாடசாலைக்கே நேரே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பிள்ளைகள் ஆனா ஆவன்னா கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ரீச்சர், உங்கட கூட்டாளிப் புள்ள ஆஸ்பத்திரியில மௌத்தாகிட்டாவாம். வரக்குள்ள மருதமுனையிலயும் சொல்லிட்டுத்தான் வாறன்” என்றார்.

மட்டக்களப்பிலிருந்து வரும் பஸ் மருதமுனையைத் தாண்டித்தான் கல்முனைக்கு வரும். ஆகவே அவள் ஞானஸ்நானம் பெற்றுப் பாடகர் குழுவில் பாடிய சபைக்கு முன்னமே, அவளை வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பிய மருதமுனை நெசவுத் தெருவுக்குச் செய்தி போய்விட்டது. அன்று அந்தத் தெருவில் பகல் வரை தறிகள் ஓடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் கோவில் மணி மத்தியானம்தான் அடித்தது. மணிக் கோபுரத்துச் சாவி சபை மூப்பரிடம் இருந்தது. மூப்பர் வயலுக்குப் போயிருந்தார்.

நெருப்புக் காய்ச்சல், டைபாயிட். பத்தொன்பது வயது. சபைச் சஞ்சிகையில் அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், வாசித்திருப்பீர்கள். மருதமுனையில் ஆத்தும ஆதாயம் செய்தாளாம், முஸ்லிம் பெண்களை மதம் மாற்றும் ஊழியத்தில் தன்னை ஒப்புக்கொடுத்தாளாம். அது பொய். அந்தப் பொய்தான் அவளுடைய வேலையைப் பறித்தது. செத்த பிறகும் அதையே மாலையாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் அவளை அறிந்த உங்களுக்கு இந்தத் தாளை எழுதுகிறேன்.

அவளுக்குக் கடவுள் கொடுத்த வேலை கோவிலுக்குள் கிடைக்கவில்லை. பதினாறு வயதில் தாயோடு மருதமுனைக்குச் சேலை வாங்கப் போனாள். நெசவுகாரர் ஆதம்லெவ்வைக் காக்காவின் வீடு; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவருடைய மகள் சுலைகா தறியில் இருந்தாள், எஸ்தரின் வயதுதான். வாங்கிய சேலையை ஒரு பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். சுலைகா அந்தத் தாளைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். எஸ்தர் வாசித்தாள். எங்கோ கடலில் ஒரு கப்பல் புயலில் அகப்பட்ட செய்தி. மாலுமிகள் படகை இறக்கினார்கள் என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

“மிச்சம் என்ன?” என்றாள் சுலைகா.

“கிழிஞ்சு போச்சு.”

“எங்கட ஊட்டுக்கு வாறதெல்லாம் சாமான் சுத்தி வாற பேப்பர்தான். மிச்சம் ஒரு நாளும் வாறல்ல. வந்தாலும் வாசிக்க ஆரு இரிக்காங்க? எனக்குக் குர்ஆன் ஓதத்தான் தெரியும்.”

இதை எஸ்தர் எனக்குச் சொன்னபோது அவள் முகம் நான் அறிந்த முகமாக இல்லை. “அவ மிச்சம் என்ன எண்டு கேட்டாளே, அது எனக்கு ஆண்டவர் கேட்ட மாதிரித்தான் இருந்திச்சு” என்றாள். நான் சிரித்தேன். அவள் கோபிக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை.

எங்கள் சபையில் திடப்படுத்தல் முடிந்ததும் இளம்பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவருக்காக என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். பையன்கள் போதகராவோம் என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் இப்போது சுங்கத்தில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். பெண்கள் ஓய்வுநாட் பாடசாலையில் படிப்பிப்போம் என்போம். நானும் அதைத்தான் சொன்னேன். எஸ்தர் எழுந்து, மருதமுனையில் தறிக்குப் பக்கத்தில் இருந்து பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்குவது தனக்குக் கடவுள் தந்த வேலை என்றாள். மூப்பர் எல்லோரிலும் உரக்க ஆமென் சொன்னார். மனுஷன் அந்த நிமிஷமே தலைகளை எண்ணத் தொடங்கிவிட்டார் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆதம்லெவ்வைக் காக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். முதல் நாள் நானும் துணைக்குப் போயிருந்தேன்.

“புள்ள, படிச்சுக் குடுக்க வாறது நல்ல விஷயம். மார்க்கம் கதைப்பீங்களா?”

“இல்ல காக்கா. எழுத்து மட்டும்தான்.”

“சொல்லிட்டீங்க. போதும்.”

அவ்வளவுதான். பேப்பரில் எழுதவுமில்லை, சத்தியம் கேட்கவுமில்லை. திரும்பி வரும் வழியில் எஸ்தர் சொன்னாள்: “நான் இவங்கள ஏமாத்தி உள்ள போனா, என்னை அனுப்பினவரும் ஏமாத்துக்காரர் எண்டாகிடும்.”

தறியை நிறுத்திப் பாடம் படிக்க அந்தப் பிள்ளைகளுக்கு நேரம் கிடையாது. ஆகவே நூல் அறுகிறபோது பாடம் நடந்தது. நூல் அறுந்தால் தறி நிற்கும்; முடிச்சுப் போடுவதற்குள் எஸ்தர் தறி மரத்தில் சோக்கட்டியால் ஒரு சொல் எழுதுவாள். தறி மறுபடி ஓடும்போது பிள்ளை அந்தச் சொல்லைப் பார்த்தபடி நெய்யும். சின்ன வயதிலிருந்தே ஓதிப் பழகிய பிள்ளைகள், எழுத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். நல்ல நூல் வந்த நாளில் ஒரு சொல்கூட நடக்காது என்று எஸ்தர் பகிடியாகக் குறைப்படுவாள். அடுத்தடுத்த வீடுகளிலும் கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் சுலைகா சீனி சுற்றி வந்த தாளைத் தானே வாசித்தாள். அன்று மட்டும் ஆதம்லெவ்வைக் காக்கா எஸ்தரை “ரீச்சர்” என்று கூப்பிட்டாராம்.

மூப்பருக்குப் பொறுமை இருக்கவில்லை. கோவில் முற்றத்தில் அவளைக் கண்டால் கேட்பார்: “என்ன பிள்ள, எத்தின பேர் கிட்ட வந்திருக்காங்க?”

“எட்டுப் பேர் வாசிக்கிறாங்க ஐயா.”

“அதக் கேக்கல்ல.”

“எனக்குத் தந்த வேலை அதுதான் ஐயா.”

இனி நடந்ததைச் சொல்கிறேன். சுலைகாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. எங்கள் ஜெபக் கூட்டத்தில் நோயாளிகளின் பெயரைக் கொடுப்பது வழக்கம். பெயர் சொல்லித்தான் ஜெபிப்போம். எஸ்தர், ஆதம்லெவ்வையின் மகள் சுலைகா என்று பெயர் கொடுத்தாள். காய்ச்சலுக்கு. வேறு ஒன்றுக்குமில்லை. காய்ச்சலும் மாறிச் சுகமாகிவிட்டது. எங்கள் சபையில் ஒருமுறை கொடுத்த பெயரை யாரும் மறப்பதில்லை என்பதை அவள் யோசிக்கவில்லை.

இந்தத் தாள் வெளியாருக்கும் போகும் என்பதால் எங்கள் அறுவடைத் திருநாளைப் பற்றிச் சொல்லிவைக்கிறேன். புது நெல், பூசணிக்காய், கால் கட்டிய கோழி, தயிர் முட்டி என்று அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிய முற்றத்தில் ஏலம் நடக்கும். கடைத்தெரு முஸ்லிம் முதலாளிமார் வந்து எங்களைவிட அதிகமாகக் கேட்பார்கள். ஒருவர் கோழியை விலையேற்றி வாங்கி, சிரித்துக்கொண்டே அதை மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பார். எங்கள் கோவில் கூரைக்கு ஓடு போட்டதில் அவர்கள் கையும் இருக்கிறது. அந்த வருடம் எஸ்தரின் வீட்டிலிருந்து தயிர் முட்டி ஒன்று வந்தது. அதை வாங்க வருவதாக ஆதம்லெவ்வைக் காக்கா சொல்லியிருந்தார், வந்து நின்றார்.

ஏலத்துக்கு முன் மூப்பர் ஜெபம் செய்தார். மழைக்கும் விளைச்சலுக்கும் நன்றி சொன்னார். பிறகு குரலை உயர்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருதமுனை ஆதம்லெவ்வையின் மகள் சுலைகாவை உமது மந்தையில் சேர்த்துக்கொள்ளும் ஆண்டவரே, எங்கள் மகள் எஸ்தர் அங்கே விதைத்த விதையை முளைக்கச் செய்யும் ஆண்டவரே என்றார். நான் கண்ணைத் திறந்தேன். காக்கா பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் தலை குனிந்து மரியாதையாக நின்றுகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி எஸ்தரைப் பார்த்தார்.

அந்த மனிதர் உடனே போய்விடவில்லை. தயிர் முட்டி ஏலத்துக்கு வரும்வரை காத்திருந்தார், சொன்னபடி கேட்டார், வாங்கினார், காசைக் கட்டினார். முட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். பின்னேரம் வரை அது அங்கேயே கிடந்தது. எறும்பு மொய்த்த பிறகு நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன்.

திங்கட்கிழமை எஸ்தர் போனபோது அவர் வாசலில் நின்றார்.

“புள்ள, உங்கள நான் பிழையாக் கதைக்கல்ல. ஆனா உங்கட ஆக்கள் கண்ண மூடிக்கிட்டுச் சொன்னத்த நான் கண்ணத் தொறந்துகிட்டுக் கேட்டன். ஊரும் கேட்டிரிக்கி. நாளைக்கி என்ட புள்ளைக்கி ஆரு மாப்புள்ள தருவான்?”

“காக்கா, நான் குடுத்த வாக்கு...”

“தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன? உங்கட பெரியவர் வந்து, அப்பிடி ஒண்டும் இல்லெண்டு இந்தத் தெருவில ஒரு சொல்லு சொல்லட்டும். அடுத்த நாளே வாங்க.”

ஒரு சொல். அதைக் கேட்டு எஸ்தர் சபைக் கமிற்றிக்குப் போனாள். என்னை வெளியே வாங்கில் இருத்தினார்கள். கதவு திறந்தே கிடந்தது.

மூப்பர் கேட்டார்: “ஆண்டவருக்குச் சொன்ன ஜெபத்தத் திருப்பி எடுக்கச் சொல்றியா பிள்ள?”

“ஆண்டவருக்கு மட்டும் சொல்லியிருந்தா அவர் பாத்துக்குவார் ஐயா. நீங்க ஏலத்துக்கு வந்த ஆக்களுக்கும் கேக்கத்தானே சொன்னீங்க.”

பிறகு போதகர் ஐயா தணிந்த குரலில், “மகள், அடுத்த மாதம் நம்மட சபைகள மேற்பாக்கிற பெரிய ஐயா மட்டக்களப்பிலயிருந்து வாறார். நம்மட பிள்ள மதம் கதைக்காமத்தான் அங்க போய் வந்தவ எண்டு அவரிட்ட என்னெண்டு சொல்ற? கொஞ்சம் பொறு” என்றார். அதற்குப் பதிலாக ஓய்வுநாட் பாடசாலையில் ஒரு வகுப்பைத் தருவதாகவும் சொன்னார். எஸ்தர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வழியெல்லாம் அழுதாள். நான் அந்த ஐயாமாரைத் திட்டிக்கொண்டே நடந்தேன், இப்போதும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன் பிறகும் அவள் கிழமைக்கொரு தரம் அந்தத் தெருவுக்குப் போனாள். எந்த வீட்டுக்கும் ஏறவில்லை. தெருக் கடைசி வரை நடந்து திரும்புவாள். அவள் கடக்கும்போது சுலைகாவின் தறி நின்று, பிறகு ஓடுமாம். “நூல் அறுந்திருக்கும்” என்றேன், அவளைத் தேற்ற. “ஒவ்வொரு முறையும் நான் போகக்குள்ளயா?” என்றாள்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: “ஆண்டவர்தான் அனுப்பினார் எண்டா, ஏன்டி கதவ மூட விட்டார்?”

“அவர் மூடல்ல. மூடினது ஆர் எண்டு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதக் கொண்டுபோய் அவர்ட தலையில போடாத.”

அவள் விசுவாசம் அப்படி. என்னுடையது அவ்வளவு நல்லதல்ல.

அடக்க ஆராதனையில் மூப்பர் மறுபடி அதையே பேசினார், விதை, மந்தை, எல்லாம். கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் மதிலுக்கு வெளியே ஆதம்லெவ்வைக் காக்காவும் நெசவுத் தெரு ஆண்கள் சிலரும் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, “அது உண்மையில்ல ஐயா” என்றேன். போதகர் கண்ணைக் காட்ட, பாடகர் குழு பாடத் தொடங்கியது. அவள் நின்று பாடிய வரிசையிலிருந்தே அந்தப் பாட்டு வந்தது. முடிந்தபோது மதிலுக்கு வெளியே ஒருவரும் இல்லை.

எஸ்தரின் பொறுமை என்னிடம் ஒட்டவில்லை. கேட்டவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற அவளுடைய பிடிவாதத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தாளைச் சின்ன எழுத்தில், ஒரே பக்கத்தில் அச்சடிக்கச் சொன்னேன். சபையாருக்குக் கொஞ்சப் பிரதிகள் போதும். மற்றதையெல்லாம் கடைத்தெருவில் சீனியும் பருப்பும் சுற்றுகிற முதலாளிமாரிடம் கொடுத்திருக்கிறேன், மருதமுனை ஆட்கள் வந்தால் இதில் சுற்றிக் கொடுக்கும்படியும், கிழிக்காமல் கொடுக்கும்படியும். அவர்கள் ஓம் என்று சொல்லியிருக்கிறார்கள். கமிற்றி சொல்ல மறுத்த சொல் அப்படியாவது அந்தத் தெருவுக்குப் போகட்டும்.

சுலைகா, இது உன் கைக்கு வந்தால் வாப்பாவுக்கும் அயல் வீடுகளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. நீ கேட்ட மிச்சம் இதுதான்: உன் ரீச்சர் உன் வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை.