மீன் தொட்டியின் சுருதி

மத்தியானத்தில் எங்கள் கூடத்துக்கு வெயில் தண்ணீர் வழியாகத்தான் வரும். ஜன்னலை ஒட்டி மீன் தொட்டி இருக்கிறது. தரையில் வெளிச்சம் நெளியும். அதன் மேல் இரண்டு தங்கமீன்களின் நிழல், மீன்களைவிடப் பெரிதாக, எந்த அவசரமும் இல்லாமல் என் கால்களைக் கடந்து சமையலறை வாசல் வரை போய்த் திரும்பும். சாய்வு நாற்காலியில் கிடக்கும் எனக்கு ஒரு நாவலையே படித்து முடித்த நிறைவு உண்டாகும். புத்தகம் முதல் பக்கத்தில் திறந்தபடி மார்பில் கிடக்கும்.

தொட்டி நான் வாங்கியதல்ல. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த என் அக்கா பையன், வெளிநாட்டு வேலை கிடைத்ததும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, "மாமா, இதுக்கு ஒரு வேலையும் கிடையாது, வெறுதே பாத்துண்டு இருந்தா போதும்" என்று இறக்கிவிட்டுப் போனான். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குள்ள தேர்ச்சி குடும்பத்தில் பிரசித்தம்.

முதல் இடிமழையிலேயே அவன் கொடுத்த காற்று பம்பு உயிரை விட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவசரத்துக்கு வீட்டருகே கிடைத்த ஒரு பம்பை வாங்கி மாட்டினேன். குமிழ்கள் எழுந்தன, மீன்கள் கீழே இறங்கின, நான் நாற்காலிக்குத் திரும்பினேன். அமைதி சாயங்காலம் வரை நீடித்தது.

சாயங்காலம் அதே கூடத்தில் என் மனைவி பாட்டு வகுப்பு எடுக்கிறாள். அவள் சுருதி ஐந்தரைக் கட்டை. கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே அதுதான். ஊரில் அவளை அடையாளம் சொல்கிறவர்கள்கூட "கோட்டைப் பக்கம் ஐந்தரைக் கட்டை மாமி" என்பார்கள். கொஞ்ச காலமாக அந்தக் குரல் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது நூலாக மெலிந்து, தொடவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் அறுந்துவிடும். உடனே இருமுவாள். ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். மழைக்காலம் என்பாள். நானும் ஃபேனை ஏறிட்டு முறைப்பேன். நீண்ட தாம்பத்தியத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது.

அன்று குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது.

"ஏன்னா, அந்த பம்பை நிறுத்துங்கோ. ம்ம்ம்னு ஒரே அபஸ்வரம். அதாக்கும் எனக்கு மேல நிக்கமாட்டேங்கறது."

நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்துவிட்டன. கழக்கூட்டத்திலிருந்து ஆபீஸ் முடிந்து வரும் மாணவி ஒருத்தி பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"மாமி, அங்க நோக்குங்கோ. மீனும் அகாரம் சாதகம் பண்றது, கேட்டேளா?"

மனைவி சிரிக்கவில்லை. மாணவி போனதும் என்னிடம் தீர்ப்பைச் சொன்னாள். "எனக்கு இந்தக் கூடத்தை விட்டா வேற எடமில்லை. பாட்டு நின்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்கோ. சத்தமில்லாத பம்பு கொண்டுவாங்கோ. இல்லேன்னா தொட்டியை யாருக்காவது கொடுத்துடுங்கோ."

அவள் கேட்டது பம்பைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காற்று பம்பே வேண்டாம் என்று, தொட்டி விளிம்பில் தொங்கும் அருவி ஃபில்டர் ஒன்றை வைத்துப் பார்த்தேன். தண்ணீரை உறிஞ்சி, பஞ்சில் வடிகட்டி, சின்ன அருவியாகத் திரும்ப ஊற்றும். எனக்குப் பொன்முடி மலையடியில் நிற்பதுபோலக் கண் சொக்கியது. "வர்ணம் பாதியில இருக்கறச்சே எழுந்து பாத்ரூம் போகணும்னு தோண்றது" என்றாள் மனைவி. அது போயிற்று. அடுத்து, தண்ணீருக்குள் முழுகியிருக்கும் மோட்டார் ஃபில்டர். ரொம்ப சாது, ஆனால் அதன் வேகத்தில் என் கொழுத்த மீன்கள் இரண்டும் மெஷினில் போட்ட துணிபோலச் சுழன்றன. கடைசியில், மீன்களின் உடம்புக்கு ஏற்றது ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் என்று ஆயிற்று. அதற்குள் குமிழ் விட ஒரு காற்று பம்பு வேண்டும். சுற்றி அதே இடத்துக்கு வந்தேன்.

பம்பை மடித்த துண்டின் மேல் வைத்தேன். கயிற்றில் தொங்கவிட்டேன். காலி அரிசி டின்னுக்குள் இறக்கினேன், டின் அதைக் கடம் போல வாங்கி இன்னும் கம்பீரமாக வாசித்தது. சத்தத்தைக் கொல்ல முடியாதென்றால் சேர்த்துக்கொண்டுவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஐந்தரைக் கட்டையில் ரீங்கரிக்கும் பம்பு ஒன்று உலகத்தில் இல்லாமலா போகும்?

சாலைக் கடைத்தெருவில் மீன் சாமான் விற்கும் நாஞ்சில் நாட்டுக்காரரிடம் போனேன். செல்போனில் தம்புரா செயலியை ஐந்தரையில் ஒலிக்கவிட்டு ஒரு காதில் வைத்துக்கொண்டு, அவர் மாட்டிக் காட்டிய பம்புகளை மறு காதால் கேட்டேன். சின்னது, பெரிது, இரட்டைக் குழாய்.

"சாமி, இது மீனுக்கு வாங்குதியளா, கச்சேரிக்கு வாங்குதியளா?"

"ரெண்டுக்கும்."

"அப்போ மிருதங்கத்துக்கும் சேத்துப் பாத்துருவோம்" என்று, ஒரு பழைய பம்பைத் தேடி எடுத்து மாட்டினார். அது தடதடவென்று அடித்தது. கடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருவர் தலையைக்கூட ஆட்டினார்.

எல்லா பம்புகளும் ஒரே சுருதியில் இருந்தன. ஒன்று உரக்க, ஒன்று மெதுவாக. ஆனால் ஒரே இடம். ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே, அவளுடைய ஐந்தரைக்குக் கீழே.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் காதை வைத்தேன். அதே இடம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அருகே போய், கரண்ட் பில் சந்தேகக்காரனைப்போல நின்றேன். அதே இடம். காலேஜில் தூங்கியபடி கேட்ட பௌதிகம் அப்போதுதான் விழித்தது. மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை ஆடுகிறது; அதில் உறுமுகிற சாதனங்களெல்லாம் அந்த ஆட்டத்துக்குத்தான் உறுமும். அப்படியானால் இந்த ஊர் முழுக்க, கழக்கூட்டத்து ஆபீஸ்களிலிருந்து விதுரா மலைப்பாதைக் கடைகள் வரை, ஒரே தம்புராவை மீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல்தான் நாமெல்லாம் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், தூங்குகிறோம். அந்த நினைப்பில் ஒரு மத்தியானம் முழுவதும் மிதந்தேன். பிறகு தரையில் இறங்கியபோது விஷயம் எளிமையாக இருந்தது. பம்பு மாறாது. மாறுவதென்றால் ஐந்தரைக் கட்டை மாமிதான் மாறவேண்டும். அதை அவளிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் அந்த ஆள் இல்லை.

ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. மாணவி இன்னும் வரவில்லை. கரண்ட் போயிற்று. பம்பு, ஃபிரிட்ஜ், ஃபேன், எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. வீட்டில் இவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்பது அது போனபோதுதான் தெரிந்தது. அவள் செல்போனிலும் சார்ஜ் இல்லை, தம்புரா இல்லை. தொட்டிக்குள் பச்சை இருட்டு. மீன்கள் அதில் இரண்டு கங்குகளைப்போல மங்கின.

இருட்டில் என் மனைவி பாட ஆரம்பித்தாள். யாருக்காகவும் அல்ல. ஒரு சுருதியையும் பிடித்துக்கொள்ளாமல், குரல் எங்கே உட்காருகிறதோ அங்கே உட்கார்ந்து. மெதுவாக மேலே ஏறினாள். வழக்கமாக அறுந்துபோகும் இடம் வந்தது. நான் மூச்சை அடக்கினேன். அறுபடவில்லை. மேல் ஷட்ஜத்தில் போய் நின்றாள், மழை நின்றாலும் இறங்க உத்தேசமில்லாதவள்போல.

அப்போது கரண்ட் வந்தது.

பம்பு உறுமத் தொடங்கியது. அவள் குரலுக்கு அடியில் அது வந்து சேர்ந்த விதத்தில், எது எங்கே முடிகிறது என்று ஒரு கணம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் பாட்டை நிறுத்தினாள். பம்பு மட்டும் அதே இடத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"மின்சார வாரியத்தோட சுருதி. நான் என்ன பண்ண?"

அவள் செல்போனைச் சார்ஜில் போட்டு, பம்பின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, தம்புராவைத் துளித்துளியாக இறக்கினாள். ஐந்தரையை விடும்போது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கியது.

மாணவி நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். உட்கார்ந்ததுமே காதைத் தீட்டினாள்.

"மாமி, சுருதி கொறச்சிருக்கேள், அல்லே?"

"ஆமா. இனிமே இதாக்கும்."

"அய்யோ, நல்லதாப் போச்சு. எனக்கும் மேல போறச்சே தொண்டை கிழியறது. சொல்லப் பயந்துண்டு கத்திண்டிருந்தேன்."

"சொல்லியிருக்கக் கூடாதோ, மண்டு?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பேளா?"

மனைவி தம்புராவின் சத்தத்தைக் கூட்டினாள். "மாட்டேன்," என்றாள். "சரி, பாடு."