பலேர்மோவில் சீனப் பேரரசரின் படை

வியாழன், பிற்பகல் மூன்று மணி. வுச்சீரியா சந்தையில் மீன்காரர்கள் கடை கழுவிவிட்ட தண்ணீர் கல்தரையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித் தாண்டி நானும் செல்வராணி அக்காவும் நடந்தோம். நான் மதுரைக்காரன், ஓரிடத்தில் தரியாத கால். நண்பர் ஒருவர் சொல்லி அக்கா வீட்டில் தங்க இடம் கிடைத்திருந்தது. அக்காவுக்கு முல்லைத்தீவு. லிபெர்த்தா வீதியில் வயதான இத்தாலிய அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறார். வியாழன் பிற்பகல்தான் விடுப்பு.

பழைய மாளிகை ஒன்றில் சீனாவின் முதல் பேரரசரோடு புதைக்கப்பட்ட மண்வீரர் படையின் நகல்களை வைத்திருந்தார்கள். நுழைவு பன்னிரண்டு யூரோ.

"பொம்மை பாக்கவோ பன்னிரண்டு? உந்தக் காசுக்கு மூண்டு நாளைக்கு மீன்குழம்பு வைக்கலாம்," என்றார். பிறகு, "சரி, வாறன். நிலத்துக்குக் கீழை கிடந்த பெடியள் எண்டு சொன்னீங்கள். இண்டைக்கு என்ரை தம்பியின்ரை நாள்."

தம்பி போரில் இறந்தவர். மாவீரர் துயிலும் இல்லத்தில் புதைத்தார்கள். போர் முடிந்ததும் ராணுவம் அந்த இடத்தையே இடித்துத் தரைமட்டமாக்கியது. பூ வைக்க அக்காவுக்கு ஓரிடம் இல்லை. அன்று கைப்பையில் ஒரு வெள்ளைச் சாமந்தி வைத்திருந்தார்.

உள்ளே அரையிருட்டு. வரிசை வரிசையாக மண் முகங்கள், யாரோ கூப்பிடக் காத்திருப்பவைபோல. அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"அக்கா, இது கோயில் இல்லை."

"தெரியும் தம்பி. நீங்கள் கதையுங்கோ."

கதைத்தேன். நாடுகளை அடக்கி ஒன்றாக்கியவர். எழுத்தையும் எடையையும்கூட ஒன்றாக்கியவர். சாவுக்கு மட்டும் அஞ்சியவர். குன்றுபோல ஒரு மண்மேடு, அதற்கடியில் கல்லறை, அதில் பாதரச ஆறுகள் ஓடுமாம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே இனித்தது.

"அந்த மேட்டை ஒருத்தரும் இடிக்கேல்லையோ?"

"இல்லைக்கா. ரெண்டாயிரம் வருஷமா அப்படியே இருக்கு."

"குடுத்துவச்ச மனிசன்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அக்கா தடுப்புக் கயிற்றுக்கடியில் குனிந்து போய், மண்டியிட்டிருந்த வீரன் ஒருவனின் முன்னால் பூவை வைத்துக் கண்ணை மூடினார்.

காவலர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. "உங்களோடு வந்தவரா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் அந்தப் பூ ஐந்து நிமிடமாவது அங்கே கிடந்திருக்கும். ஒரு கையில் பூவும் மறு கையில் அக்காவின் முழங்கையுமாகக் காவலர் போனார். நான் மண்குதிரை ஒன்றின் விளக்கப் பலகையைப் படிப்பவன்போல நின்றேன். ஓர் எழுத்தும் ஏறவில்லை.

வெளியே வந்தபோது அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். பூவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார்களாம்.

"மன்னிச்சுடுங்கக்கா. பயந்துட்டேன்."

"விடுங்கோ. பெர்மெசோ எண்ட வதிவிட அனுமதி கிடைக்காத காலத்திலை நானும் உப்பிடித்தான். பொலிஸைக் கண்டா, என்ரை மனிசனையே ஆரெண்டு தெரியாத மாதிரி ரோட்டுக்கு அங்காலை போயிடுவன். ஒராள் பிடிபட்டாலும் மற்றாள் பிள்ளையளைப் பாக்கோணுமே." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களிட்டை விசா எல்லாம் இருக்குத்தானே, தம்பி?"

இருந்தது. சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுநாள் நான் எழுவதற்குள் அக்கா வேலைக்குப் போய்விட்டிருந்தார். சாவியைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு விமான நிலையப் பேருந்தில் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், பெரும்பாலும் கடலோரம். நேரில் விடைபெறாமல் தப்பியதில் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதற்கும் சேர்த்துத்தான் வெட்கமாக இருந்தது.