இடது காதில் ஒன்பதாவது பாட்டு

கைப்பேசி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காலை ஏழு மணி. மாசாய் ஊரில் எங்கள் வீட்டு முன்னால் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஷர்மிளா அனுப்பிய குரல் பதிவை இடது காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு தட்டு தட்டி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வலது காதுக்கு மாற்றினேன். "கோமதியக்கா! லிஸ்ட் வந்துருச்சுக்கா!" என்று அவள் கத்துவது தெளிவாகக் கேட்டது.

கெட்டது கைப்பேசி இல்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினாறு நாள் ஆனது. ஒரு காது திடீரென்று அடைத்துப்போய் இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். முதலில் டாக்டரிடம் ஓடுங்கள்.

லிஸ்ட் என்ன லிஸ்ட் என்று சொல்ல வேண்டும். சிகாமட்டில் பிறந்த ஒரு பாடகி. தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுகிறவர். எங்கள் ரசிகர் குழுவில் அவருக்குப் பாட்டக்கா என்று பெயர். ஆறு வருடமாக அவர் ஆல்பம் எதுவும் போடவில்லை. போடுவதற்கு முன்பு பாட்டுகளின் தலைப்பையும் நீளத்தையும் மட்டும் வெளியிடுவது அவர் வழக்கம். அந்தத் தலைப்பை வைத்து மெட்டு எப்படி இருக்கும் என்று நாங்கள் ஊகிப்போம். ஊகித்ததை முனகிப் பதிவு செய்து, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுவோம். நடுவர் ஷர்மிளா. பெக்கான் நானாஸில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். போன தடவை என் மெட்டைக் கேட்டுவிட்டு, "அக்கா, இது பாட்டா, லாரி ஹார்னா?" என்று கேட்ட மகராசி.

இந்தத் தடவை அவள் வாயை அடைக்க வேண்டும் என்று எனக்கு வைராக்கியம்.

காது அடைத்ததைச் சளி என்று நினைத்தேன். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை. அந்த இரைச்சலில் ஒரு காது குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மூன்றாம் நாள் மதியம் துணி காயப்போடும்போது பாட்டு கேட்டது. சொற்கள் இல்லை. ஒரு பெண் குரல், மெதுவாக, ஏறி இறங்கி, ஓர் இடத்தில் தயங்கி, மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். "ரேடியோ கெட்டு ஒரு மாசமாச்சும்மா," என்றார். வீட்டுக்குள் வந்து கதவை மூடினேன். பாட்டு கூடவே வந்தது. வலது காதைப் பொத்திப் பார்த்தேன். அப்படியே இருந்தது. இடது காதைப் பொத்தினேன். இன்னும் கிட்டே வந்தது.

பயந்தேனா? பயந்தேன். ஆனால் அதைவிட ஆசை அதிகமாக இருந்தது. அவ்வளவு அழகான மெட்டை நான் கேட்டதேயில்லை. அதைக் கேட்டபடியே முனகி, ஒன்பதாவது பாட்டான 'வெள்ளம் வடிந்த வீடு' என்பதற்கு என் ஊகம் இதுதான் என்று குழுவில் போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் ஷர்மிளா கூப்பிட்டாள். "அலமாக்! அக்கா, லிஸ்ட்ல ஒன்பதாவது பாட்டு நாலு நிமிஷம் பதினோரு செகண்டு. உங்க பதிவும் அதே நீளம். எங்கேருந்து கிடைச்சுச்சு? உண்மையச் சொல்லுங்க. பின்னாடி யாரோ பாடுறாங்களே, அது பாட்டக்காதானே?"

பின்னாடி யாரும் பாடவில்லை. திரும்பப் போட்டு வலது காதில் கேட்டேன். என் கரகரத்த குரல் மட்டும்தான். வழக்கம்போலக் கலாய்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் குழுவில் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். என் காதுக்குள் ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது? ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு ஆள் உண்டு என்று அளந்துவிட்டேன். அன்றிலிருந்து குழுவில் நான்தான் ராணி.

என் கணவர் சேகர் தினமும் சொன்னார். "கோமு, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிற. கிளினிக் போலாம் லா." நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வேலை அதிகம் என்றேன். நிஜக் காரணத்தை இப்போது எழுதுகிறேன்: மருந்து கொடுத்தால் பாட்டு நின்றுவிடும் என்று பயந்தேன்.

பதினாறாம் நாள் வேலையிடத்தில் தலை சுற்றி விழுந்தேன். மருத்துவமனையில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எந்த அளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தார்கள். இடது காதுக்கான கோடு அடியிலேயே கிடந்தது. திடீர் நரம்புச் செவிட்டுத்தன்மை (உள்காதின் நரம்பு ஓரிரு நாளுக்குள் செயலிழப்பது) என்றார் டாக்டர்.

"எத்தனை நாளாச்சும்மா?"

"பதினாறு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மொதல் ரெண்டு மூணு நாள்லயே வந்திருக்கணும். இப்பவும் பார்ப்போம். ஆனா உறுதி கொடுக்க முடியாது."

பாட்டைப் பற்றிச் சொன்னேன். அது இசை மாயஒலி (வெளியே இல்லாத இசையை மூளையே உண்டாக்கிக் கேட்பது) என்றார். "காதுலேருந்து ஒண்ணும் வரலேன்னா மூளை சும்மா இருக்காதும்மா. பயப்படாதீங்க, பைத்தியம் இல்ல."

"மருந்து போட்டா அது நின்னுருமா டாக்டர்?"

சேகர் என்னை ஒரு வேற்று ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காரில் ஏறியதும் கேட்டார். "ஒரு பாட்டுக்காகவா கோமு?" அழுதது அவர்தான்.

ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) மாத்திரைகள். பிறகு செவிப்பறை வழியாக ஊசி. குத்தும்போது வலியைவிட, சூடாக ஏதோ தொண்டைக்கு இறங்குவதுதான் அருவருப்பாக இருந்தது. முதல் ஊசியில் பாட்டு தூரப் போனது. இரண்டாவதில் தயங்கும் இடம் மட்டும் மிஞ்சியது. மூன்றாவதற்குப் பிறகு அதுவும் இல்லை. கேட்கும் திறன் திரும்பவில்லை. கதவை அறைந்தால் ஓர் அதிர்வு தெரியும், அவ்வளவுதான்.

ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. குழுவில் எல்லாரும் ஒரே நேரத்தில் அழுத்திக் கேட்பது எங்கள் வழக்கம். ஒன்பதாவது பாட்டு வேறு மெட்டு. நல்ல பாட்டுதான். ஆனால் என்னுடையது இல்லை. என் ஒலிப்பதிவுக் கூடக் கதை பொய் என்று குழுவில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அப்புறம் திட்டு வந்தது. நான் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

ஷர்மிளா கூப்பிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். குரல் ஒடுங்கியிருந்தது. "காது போனது நெசமாக்கா? ஐயோ, நாங்க வேற தினமும் புகழ்ந்து ஏத்திவிட்டோமே." பிறகு கேட்டாள். "சரி, ஸ்டூடியோ ஆளு பொய்யின்னு வச்சுக்குவோம். அப்ப உங்க பதிவுல கூடப் பாடுறது யாருக்கா?"

மறுநாள் காலை சேகர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். அதுவரை அந்தப் பதிவை அவர் கேட்டதில்லை, நானும் காட்டவில்லை. கையைத் துடைக்கச் சொல்லி இயர்போனைக் கொடுத்தேன். கேட்டார். வலது பக்கத்தைக் கழற்றினார். இடதை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"நல்லா பாடுறாங்களே. யாரு லா இது?"

அந்த இயர்போனையே பிடுங்கி என் வலது காதில் வைத்தேன். என் குரல். வேறு யாரும் இல்லை. அவரையும் வலது காதில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முகம் மாறியது. "இதுல நீ மட்டும்தான் பாடுற," என்றார். மறுபடி இடது காதுக்குக் கொண்டுபோனார். "இதுல இருக்காங்க," என்றார்.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் என்ன எழுதிக்கொள்வார்?

இப்போது சாலையைக் கடக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறேன். யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை. என் உடம்பு பாதியில் முடிந்துவிடுகிறது; இடது தோளுக்கு அப்பால் என்ன நடந்தாலும் எனக்கு அது நடந்து முடிந்த பிறகுதான் தெரிகிறது. சேகர் சில மாலைகளில் இயர்போனை இடது காதில் மாட்டிக்கொண்டு எதிரே உட்காருகிறார். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நாலு நிமிஷம் பதினோரு செகண்டு. அது முடியும்வரை, நான் காதைக் கொடுத்து வாங்கிய பாட்டை அவர் முகத்தில்தான் கேட்கிறேன்.